ஜெயராணியின் வலது கையும் ஒரு முருங்கைக்காயும்

விசுவாசக் குடும்பத்தாருக்கு என் அன்பான வணக்கம்.

சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் வழக்கமாக, தாங்கள் கர்த்தருடைய நேரத்துக்காகப் பொறுமையோடு காத்திருந்ததாகச் சொல்வார்கள். நானும் காத்திருந்தேன். பொறுமையோடு அல்ல. 1999ஆம் ஆண்டின் மழைக்காலம் முழுவதும் நான் ஆண்டவரிடம் பேசிய தொனியில் மின்வாரிய அலுவலகத்தில் பேசியிருந்தால், எங்கள் வீட்டு இணைப்பை அன்றைக்கே துண்டித்திருப்பார்கள். அவர் துண்டிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் மனைவி ஜெயராணி பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்த வருடம் பள்ளி திறந்ததிலிருந்தே அவள் கையிலிருந்து சாக்பீஸ் நழுவ ஆரம்பித்தது. முதலில் சாக்பீஸைக் குறை சொன்னோம். பிறகு கரண்டி நழுவியது. பிறகு நடக்கும்போது வலது செருப்பு தரையில் உரசியது. மனைவியின் மேல் கண்ணும் கருத்துமாக இருக்கும் கணவன் என்ற முறையில் நான் ஒரு சத்து டானிக் வாங்கிக் கொடுத்தேன். டானிக் பாட்டிலும் நழுவி விழுந்து உடைந்தபோதுதான் டாக்டரிடம் போனோம்.

ஸ்கேன் எடுத்தார்கள். இடது மூளைக்குள், நல்ல ஆழத்தில், ஒரு சின்ன நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி.

"கட்டி நல்ல கட்டிதானுங்க. இருக்கிற இடம்தான் நல்லா இல்லை" என்றார் மூளை அறுவை டாக்டர். ஒளிப்பெட்டியில் படத்தை மாட்டி, பேனா முனையால் காட்டினார். "வலது கையையும் காலையும் ஆட்டற நரம்புக் கற்றை, மூளையோட மேல்பரப்புலிருந்து இந்த வழியாத்தான் கீழ இறங்குது. கட்டி அதை ஒரு பக்கமாத் தள்ளிப்போட்டிருக்குது. வெளிய காதுப் பக்கமாத் தள்ளியிருக்குதா, உள்ள நடுமண்டைப் பக்கமாத் தள்ளியிருக்குதான்னு இந்தப் படத்துல தெரியாதுங்க."

"வேற எப்படிங்க தெரியும்?"

"திறந்து பார்த்தாத் தெரியும். சில சமயம் வெட்டுனதுக்கு அப்புறம் தெரியும்."

ஒளிவுமறைவில்லாத மனிதர். அந்த நிமிடத்தில் கொஞ்சம் ஒளித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. காதுக்கு மேலே திறந்து போவதுதான் கட்டிக்குக் கிட்டத்து வழி என்றார். நரம்பு உள்பக்கம் இருந்தால் அப்படியே போய்விடலாம். வெளிப்பக்கம் இருந்தால், அந்த வழியில் போகிற கத்தி கட்டியைத் தொடுவதற்கு முன்பே நரம்பை அறுத்துவிடும். அப்படியானால் உச்சியிலிருந்துதான் இறங்க வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனால் ஜெயராணியின் வலது கையும் காலும் போய்விடலாம். ரொம்ப நாள் தள்ளிப்போடவும் முடியாது.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். மாணவர்கள் என்னைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கும் விஷயங்களை அவர்களுக்கே எடுத்துச் சொல்லும் வேலை. வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் உண்டு. மனித வாழ்வைப் பற்றிய பெரிய பெரிய கேள்விகளுக்கெல்லாம் அவற்றில் பதில் இருக்கிறது. உள்பக்கமா, வெளிப்பக்கமா என்ற இந்தச் சின்னக் கேள்விக்கு இல்லை.

வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும் என் பழைய வகுப்புத் தோழன் வரதனுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வந்தது. மூளைக்குள் இருக்கும் தண்ணீர் நரம்பு நாரின் நீளவாக்கில் சுலபமாக நகரும், குறுக்கே நகரத் திணறும். ஸ்கேன் மெஷினின் காந்தத்தைப் பல திசைகளில் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் தண்ணீர் எந்தத் திசையில் அதிகமாக நகர்கிறது என்று அளக்கலாம். அந்தத் திசைகளைப் புள்ளி புள்ளியாகக் கோத்துக்கொண்டே போனால் நரம்பு போகும் பாதையை வரைந்துவிடலாம். "இங்கேயே இப்போதுதான் செய்து பார்க்கிறார்கள். புரோகிராம் நீதான் எழுத வேண்டும்" என்று முடித்திருந்தான்.

ஜெயராணியிடம் விளக்கினேன். "வழி தெரியாதவன் ஒவ்வொரு முக்குலயும் நின்னு, இங்கிருந்து எந்தப் பக்கம்னு கேட்டுக் கேட்டுப் போற மாதிரிதான், ஜெயா."

"ஏனுங்க, நீங்க அப்படிக் கேட்டுக் கேட்டுத்தானுங்க, அன்னூருக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பி மேட்டுப்பாளையத்துல போய் நின்னோம்?" என்றாள்.

ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன் பழனிச்சாமி நல்ல மனிதர். மெஷின் புதிது. நான் கேட்டபடி அளவெடுக்க அதற்குத் தெரிந்திருந்தது. டாக்டர் சொன்னதும், ஜெயராணியைப் படுக்க வைத்து எடுத்து, தரவை ஒரு குறுந்தகட்டில் போட்டுத் தந்தார். என் புரோகிராமைச் சோதிக்க, நார் எப்படி ஓடுகிறது என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு பொருள் வேண்டியிருந்தது. யோசித்து, ஒரு முருங்கைக்காயைக் கொண்டுபோனேன். பழனிச்சாமி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நோயாளி பேரு என்னன்னு போடட்டுங்க, சார்?"

"முருங்கைன்னு போடுங்க."

"வயசுங்க?"

"காலையில பறிச்சதுங்க."

மெஷினுக்குள் காயை நீட்டமாக, நேராக வைத்து எடுத்தோம். என் புரோகிராம் நேரான கோடுகளாக வரைந்தது. நான் பெருமையோடு வீட்டுக்குப் போனேன். பெருமை அத்தோடு சரி.

ஜெயராணியின் மூளையைக் கொடுத்ததும் புரோகிராம் தன் குணத்தைக் காட்டியது. மூளைத்தண்டில் ஆரம்பித்த நரம்பு பாதி வழியில் மனம் மாறி, காது வழியாக வெளியேறி, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டைப் பார்க்கப் போனது. ஒரு தவறைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். நரம்பு அடுத்த காது வழியாகப் போனது. ஒரு தடவை கணக்குப் போட்டு முடிக்கவே கல்லூரிக் கம்ப்யூட்டருக்கு ஒரு மதியப் பொழுது வேண்டும். முக்கால்வாசி முடியும்போது சரியாகக் கரண்ட் போகும். வாட்ச்மேன் வந்து, "சார், ஊட்டுக்குப் போங்க, லேப் பூட்டோணும்" என்பார். வாசலில் நின்றுகொண்டே ஆண்டவரிடம் என் குறைகளைச் சொல்வேன். அதை ஜெபம் என்று சொன்னால் ஜெபத்துக்கு மரியாதை இல்லை.

முதலில் கட்டியையே மறையச் செய்யும்படி கேட்டேன். மறையவில்லை. ஸ்கேன் வேறு யாருடையதோடாவது மாறிப்போயிருக்கட்டும் என்று கேட்டேன். அதை எப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கடைசியில் புரோகிராமையாவது ஓட வைக்கும்படி கேட்டேன். இதற்கிடையில் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல், தங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கும் இதே மாதிரி இருந்தது என்று தொடங்கி, அவர் இறந்துபோனதைச் சொல்லி முடித்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ஜெயராணி இடது கையால் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் என்று தெரியாததால் எல்லார் மேலும்.

ஒரு செவ்வாய்க்கிழமை படம் வந்துவிட்டது. நரம்புகள் காது வழியாக ஓடவில்லை. மூளைத்தண்டிலிருந்து அழகாக எழும்பி, கட்டியின் உள்பக்கமாக, நடுமண்டையை ஒட்டி வளைந்து போயின. வண்ணத்தில் அச்செடுத்து டாக்டரிடம் ஓடினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். "உள்பக்கம்ங்களா? அப்ப நல்லதாப் போச்சு. காதுப் பக்கமே போயிடறேன்" என்று அடுத்த திங்கட்கிழமை அறுவைக்கு நாள் குறித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஆண்டவரை மன்னித்துக்கொண்டே வந்தேன்.

வரதனுக்கும் படத்தை அனுப்பியிருந்தேன். மறுநாள் அவன் பதில் வந்தது. "படம் அழகாக இருக்கிறது. ஆனால் இடப்பக்கத்து நரம்பு மேலே போகப் போக வலப்பக்கத்தை நோக்கிச் சாய்கிறது. வலப்பக்கத்தது இடப்பக்கம் சாய்கிறது. கைகால் நரம்பு பக்கம் மாறுவது கீழே, கழுத்துக்குக் கிட்டே. இவ்வளவு உயரத்தில் மாறாது. எங்கேயோ தப்பு. எது என்று எனக்கும் தெரியவில்லை."

புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். தப்பு இல்லை. முருங்கைக்காயை மறுபடியும் கொடுத்தேன். நேராக வரைந்தது. மூளையிலும் சில நரம்புகளைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இடமிருந்து வலமாகப் படுக்கையாகப் போகிறவை சரியாகவே இருந்தன. இடம் வலம் குழம்பிவிடக் கூடாதே என்று நான் ஆரம்பத்திலேயே கவனமாக இருந்தேன். ஸ்கேன் படத்தில் நோயாளி நமக்கு எதிரே முகம் காட்டி நிற்பதுபோல இருக்கும், அதாவது அவருடைய இடது நம் வலதில் தெரியும். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி, இடதை இடதிலேயே வைத்திருந்தேன். அவ்வளவு ஜாக்கிரதைக்காரன். பிறகு எங்கேதான் தப்பு? டாக்டரிடம் போய், "படத்தை நம்பாதீர்கள், ஏன் என்று தெரியாது" என்று சொல்வதா? சொன்னால் மறுபடியும் பழைய இருட்டுதான். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை.

அன்று புதன். எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்திருந்தார்கள். போகாமல் இருக்க வழியில்லை, என் வீடு ஆயிற்றே.

சபையில் சொர்ணம் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் தெருவில் போகும் ஆட்டோ நின்று கேட்டுவிட்டுப் போகும். ஜெயராணியை நாற்காலியில் உட்கார வைத்து, அக்கா அவளுக்கு எதிரே முகத்துக்கு முகம் நின்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். எனக்கு மூட மனம் வரவில்லை. நான் கோபமாக இருந்தேன்.

அக்கா வலது கையைக் குறுக்கே நீட்டி, ஜெயராணியின் வலது காதுக்கு மேலே உள்ளங்கையை வைத்தார். விரல்கள் காதிலிருந்து உச்சியை நோக்கிச் சாய்ந்து, மண்டையில் ஒட்டிப் படிந்திருந்தன. "இந்தக் கட்டிக்குக் கட்டளையிடுகிறோம், ஆண்டவரே..."

அறுபது பேர் கூடிய இடமாக இருந்தாலும் என்னால் அடக்க முடிந்திருக்காது. "அக்கா, அந்தப் பக்கம் இல்லைங்க! இடது பக்கம்!"

அக்கா கண்ணைத் திறந்தார். "இதுதானுங்களே இடது?"

"அது உங்க இடதுங்க. அவ இடது அந்தப் பக்கம்."

"எதிர்ல நின்னா எல்லாமே மாறிப்போகுதுங்க, தம்பி. கர்த்தருக்குத் தெரியாதுங்களா எந்தப் பக்கம்னு?" என்று முணுமுணுத்துவிட்டு, கையைத் தூக்கி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோனார். கண்ணை மூடி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ சரியில்லை. கை இடம் மாறியிருந்தது. ஆனால் அக்கா மணிக்கட்டைத் திருப்பவில்லை. அந்தப் பக்கம் எப்படிச் சாய்ந்திருந்ததோ, இந்தப் பக்கமும் அதே சாய்வு. அதனால் விரல்கள் உச்சியைப் பார்க்காமல் வெளியே, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. மண்டையில் படிந்தது உள்ளங்கையின் ஓரம் மட்டும்தான்.

இடத்தை மாற்றினால் சாய்வையும் மாற்ற வேண்டும்.

நான் படத்தை இடம் வலமாகத் திருப்பியிருந்தேன். காந்தம் வைத்த திசைகளைத் திருப்பவில்லை. ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்துக்குப் போய்விட்டது, ஆனால் பழைய பக்கத்துச் சாய்வையே சுமந்துகொண்டு போனது. நேராகப் போகும் நரம்புக்கும் படுக்கையாகப் போகும் நரம்புக்கும் சாய்வே கிடையாது, அதனால் அவை சரியாகவே தெரிந்தன. முருங்கைக்காயையும் நான் நேராகத்தான் வைத்திருந்தேன். சாய்ந்து போகிறவை மட்டும் தலைகீழ். கைகால் நரம்பு சாய்ந்துதான் போகிறது.

என்னையறியாமல் "ஆ!" என்று கத்திவிட்டேன். கூட்டம் முழுவதும், "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று எதிரொலித்தது. ஆவியானவர் என் மேல் இறங்கிவிட்டதாக நினைத்தார்கள். அவர்கள் நினைத்தது தப்பு என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே ஓடினேன். பின்னால் போதகர் சொல்வது கேட்டது: "போகட்டும் விடுங்க. இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் அவரு கூட்டத்துல கவனமா இருந்தாரு."

வாட்ச்மேன் கையைக் காலைப் பிடித்து லேபைத் திறந்து, திசைகளையும் இடம் வலமாகத் திருப்ப ஒரே ஒரு கழித்தல் குறியைப் போட்டேன். கரண்ட் போகவில்லை. நரம்பு மூளைத்தண்டிலிருந்து எழும்பி, வெளிப்பக்கம் சாய்ந்து, கட்டிக்கும் காதுக்கும் நடுவே மெல்லிய பட்டையாக வளைந்து மேலேறியது. டாக்டர் திங்கட்கிழமை கத்தி வைப்பதாக இருந்த அதே வழி.

வியாழக்கிழமை காலையில் டாக்டர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், செவ்வாய்க்கிழமை உள்பக்கம்னீங்க. இன்னைக்கு வெளிப்பக்கம்ங்கறீங்க. திங்கட்கிழமைக்குள்ள, கட்டியே இல்லைன்னும் சொல்லுவீங்களா?"

நியாயமான கேள்வி. சொர்ணம் அக்காவின் மணிக்கட்டை அவரிடம் விளக்கப் பார்த்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். நேராக ஸ்கேன் சென்டருக்குப் போனேன்.

"போன தடவை வந்தவருக்குச் சொந்தங்களா, சார்?" என்றார் பழனிச்சாமி, புது முருங்கைக்காயை வாங்கிக்கொண்டே.

இந்த முறை காயைச் சாய்த்து வைத்தோம். பழைய புரோகிராம், காய் இப்படிச் சாய்ந்திருக்க, நாரை அப்படிச் சாய்த்து வரைந்தது. காயும் கோடும் சேர்ந்து ஒரு பெருக்கல் குறி. திருத்திய புரோகிராமில் நார் காயோடு ஒட்டிப் போனது. இரண்டையும் அச்செடுத்து, காயையும் கையோடு கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் காயைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமைப் படத்தை நம்பித்தான் நாள் குறிச்சேன்" என்றார் கடைசியில், தனக்குள் பேசுவதுபோல. "மேலேயிருந்தே இறங்கறனுங்க. உள்ள போனதும் சின்னதாக் கரண்ட் வெச்சுத் தொட்டுப் பார்க்கறேன். நரம்பு எங்க இருக்குதோ, அங்க தொட்டாக் கை துடிக்கும். அது கடைசி சாட்சி."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஜெயராணி மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். "ஏனுங்க, ஒருவேளை உங்க படம் தப்பா இருந்துதுன்னா?"

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"தப்பா இருந்தா இடது கையில எழுதிப் பழகிக்கறனுங்க. நீங்க அதுக்காக மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியாதீங்க" என்றாள்.

நான் வராந்தாவுக்குப் போய் நின்றேன். அத்தனை மாதங்களில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தாமல் கேட்டேன். "ஆண்டவரே, என் புரோகிராமை விட்டுவிடும். அவளைப் பார்த்துக்கொள்ளும்."

திங்கட்கிழமை டாக்டர் வெளியே வந்தபோது முகமூடி கழுத்தில் தொங்கியது. "வெளிப்பக்கம்தானுங்க. காதுப் பக்கத்து ஓரத்துல தொட்டதும் கை வெடுக்குனு துடிச்சுது. கட்டியை எடுத்தாச்சு. கிட்டத்து வழியில போயிருந்தா..." என்றவர், வாக்கியத்தை முடிக்காமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதேன்.

மறுநாள் ஜெயராணி கண் விழித்தாள். டாக்டர் வலது கையைத் தூக்கச் சொன்னார். நான் கட்டிலருகே நின்று, நரம்பு வளைந்து போகும் விதத்தை நர்ஸுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கை மெல்ல, நடுங்கி நடுங்கி எழும்பியது. எங்கே போகிறது என்று எல்லாரும் பார்த்தோம். என் கழுத்துக்கு வந்தது. இரண்டு விரல்கள் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நேராக்கின.

"காலர் மடங்கிக் கெடக்குதுங்க. நாலு பேரு வந்து போற எடம்" என்றாள்.

சகோதர சகோதரிகளே, இதை என் மூளையின் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். முடியவில்லை. என் மூளை போட்ட படம் அவள் கையை அறுக்க இருந்தது. கர்த்தர் அதைத் தடுத்த விதமும் எனக்கு முழுக்கப் பிடித்துவிடவில்லை. ஒரு கனவிலோ, மெல்லிய சத்தத்திலோ, கொஞ்சம் கௌரவமான வழியில் எனக்குச் சொல்லியிருக்கலாம். தப்பான பக்கத்தில் கை வைத்த ஒரு அக்காவையும், கண்ணை மூடாமல் கடுகடுத்துக்கொண்டிருந்த ஒரு கணவனையும் ஒரே அறையில் சேர்த்து வைத்துத்தான் சொன்னார். அவர் வேலை செய்யும் விதத்தைத் திருத்த நான் ரொம்ப நாள் முயன்றேன். இப்போது விட்டுவிட்டேன். இன்றைக்கும் டாக்டர் அவ்வப்போது யாராவது ஒருவருடைய ஸ்கேனை அனுப்புகிறார். அதைக் கம்ப்யூட்டரில் போடுவதற்கு முன், அந்த முகம் தெரியாத மனிதரின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். புதன்கிழமைக் கூட்டத்துக்கு யாரும் என்னைக் கூப்பிட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் ஒரு ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஒன்றும் புரியாமல், எல்லார் மேலும் எரிச்சலாக. அவரிடம் பொறுமையாக இருக்கச் சொல்லாதீர்கள். நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். வருகிறவர்கள் ஏதாவது தப்பாகத்தான் செய்வார்கள், ஜெபிப்பவரும் தப்பாகத்தான் ஜெபிப்பார். பரவாயில்லை. நம் கைகள் எந்தப் பக்கம் விழுந்தாலும், எங்கே வலிக்கிறது என்று கர்த்தருக்குத் தெரியும்.